முப்பது நீர்க்கரடிகள்

மார்ச் 4
அப்படி என்னதான் கரடி வளர்க்கிறாய் என்று தங்கை பிடித்துக்கொண்டாள். பாசியில் வாழும் எட்டுக்கால் பிராணி, மணல்துகள் அளவுகூட இருக்காது என்றேன். ஈரமாக இருக்கையில் அளவுக்கு மீறி அழுத்தினால் செத்துவிடும். பொறுமையாக உலர்த்தினால் கால்களை உள்ளிழுத்துச் சுருண்டு, ஆழ்கடலின் அடியில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு அழுத்தத்தையும் தாங்கும். உலர்த்துவது ஆய்வுக்கூட உதவியாளர் அக்காவின் வேலை. ஈரத்தை மெல்ல மெல்லக் குறைக்கும் ஈரப்பெட்டியைவிட்டு இரண்டு நாள் நகரவே மாட்டார். இன்று முப்பது கொடுத்தார். அழுத்தக் கலத்தில் வைத்தேன்.

மார்ச் 5
வெளியே எடுத்தபின் தண்ணீர்விட்டு ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும். மாலைக் கூட்டத்துக்கு, எத்தனை பிழைத்தன என்று ஆய்வுக்கூடத் தலைவர் மேடம் எண்ணிக்கை கேட்டார். இரண்டே மணி நேரத்தில் பார்த்தேன். அசைவே இல்லை. கூட்டத்தில் முப்பதும் போச்சு என்றேன். எப்படி என்றார். என் வாய் சும்மா இருந்ததா? "அக்கா அவசரமா உலர்த்திட்டாங்கபோல மேடம்." அக்கா அங்கேதான் நின்றார். எதிர்த்துப் பேசும் பதவியில் அவர் இல்லை.

மார்ச் 6
அக்காவைக் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

தட்டைக் கொட்டுமுன் சும்மா நுண்ணோக்கியில் பார்த்தேன். இருபத்தாறு நடக்கின்றன — தொப்பையைத் தூக்கிக்கொண்டு, ஆடி ஆடி. குதித்திருக்க வேண்டியவன், உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 7
சொல்லவில்லை.

மார்ச் 8
இன்றும் இல்லை. கழுவும் அறையைத் தாண்ட வேண்டுமே என்று மாடி சுற்றிப் போகிறேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா? எனக்கே என்னைப் பார்க்கக் கூசுது.

மார்ச் 10
மேடத்திடம் சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் பழி போட்டாய், எல்லார் முன்னாலும் சொல் என்றார். சொன்னேன்.

பிறகு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். குழாயை மூடினார். "தப்பா எண்ணினது பரவாயில்ல தம்பி. நான் பக்கத்துலதானே நின்னேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" மேடம் எவ்வளவோ கூப்பிட்டும் அவர் திரும்பி வரவில்லை. இங்கே நிம்மதியாக இருக்கிறது என்றாராம்.

மார்ச் 19
இப்போது உலர்த்துவது என் வேலை. நான் உலர்த்திய முதல் முப்பதுக்கும் தண்ணீர்விட்டு ஒரு நாள் காத்திருந்தேன். மனம் கேட்காமல் இன்னொரு நாளும். ஒன்றுகூட அசையவில்லை.

மேடம் காரணம் கேட்டார்.

"எனக்கு உலர்த்தத் தெரியல மேடம்" என்றேன்.