சங்கரநயினார் குளத்து ரோகு மீனு

சங்கரன்கோவில்
12.11.83

அன்பு மக ஆவுடைக்கு அம்மா எழுதுதேன். இங்கன நானும் அப்பாவும் தம்பியும் ஒரு கொறையும் இல்லாம இருக்கோம், அங்கன ஒரிசா மீன் ஆராய்ச்சி ஆபீஸ்ல ஒனக்கு ஒடம்பு சொகந்தானா, நேரத்துக்குச் சாப்பிடுதியா. இங்க நல்ல மழை, தறிச் சத்தத்தையும் மீறிப் பெய்யுது. டைப்ரைட்டிங் கிளாஸ்ல சேந்தேன்லா, பத்து நாள்ல விட்டுட்டேன், எட்டாங்கிளாஸ்லயே பள்ளிக்கூடத்த விட்டு ஓடியாந்தவ இப்ப மட்டும் ஒரு எடத்துல உக்காருவேனாக்கும். அது கெடக்கட்டும், விசயம் வேற.

வாசுதேவநல்லூர் சங்கரநயினார் ஒனக்கு லெட்டர் போட்டிருக்காரு. ஒங்கப்பாதான் அட்ரஸ் குடுத்திருக்காவ, பாவமாம். ரெண்டு வருசம் முன்ன அவரு மகனுக்கு ஒன்னையப் பாக்க வந்தப்ப, மீனு வயித்தக் கீறிச் சினை பாக்குத கை எங்க வீட்டுப் பூசைச் செம்பத் தொடக்கூடாதுன்னு சொந்தக்காரவுக அத்தன பேரு முன்னாலயும் சொல்லிட்டு எந்திச்சுப் போனாருல்லா. நீ உள்ள நின்னு அழுத. நான் அழல, மனசுல வச்சுக்கிட்டேன். அந்தச் சைவக்காரரு மறுமாசமே அவுக ஊர்க் குளத்த மீன் குத்தகைக்கு எடுத்தாரு பாத்தியா, தின்னாத்தான் பாவமாம், வித்தா இல்லையாம். ரோகு வாங்கி விட்டுட்டு, இனி இது குளத்துலயே முட்டை போட்டுப் பெருகிரும், குஞ்சே வாங்க வேண்டாம்னு கோயில் வாசல்ல நின்னு பெருமை வேற. எனக்குத் தெரியும் போடாதுன்னு. ஒன் ஆராய்ச்சியப் பத்தி நீதான எழுதியிருந்த, ஆத்துல ஓடுத தண்ணியிலதான் அது முட்டை போடும், தேங்குன தண்ணியில சினை வயித்துக்குள்ளயே கரைஞ்சு போவும், இன்னொரு மீனு மண்டையில இருக்க கடுகளவு சுரப்பிய எடுத்து அரைச்சு ஊசி போட்டாத்தான் உண்டுன்னு. அவருகிட்ட ஆமா அண்ணாச்சி, நல்லாப் பெருகும்னேன். போன ஐப்பசியும் கரையில குடையப் புடிச்சிட்டு நின்னாரு, இந்த ஐப்பசியும் நின்னாரு, ஒத்தக் குஞ்சு இல்ல. நான் முருகம்மாள் மதினியக் கூட்டிட்டு பஸ் ஏறிப் போயி வேடிக்கை பாத்துட்டு வந்தேன்ட்டி. அன்னைக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனேன்.

இப்ப மீன்துறை ஆளு ஒருத்தரு ஊசி விசயத்தச் சொல்லிட்டாராம். ஒடனே ஒன் ஞாபகம் வந்துட்டு. கை இப்ப சுத்தமாயிட்டு போல. நீ எளகின மனசுக்காரி, லெட்டரப் பாத்ததும் மருந்து அளவு வரைக்கும் எழுதி அனுப்பிருவ. அனுப்புனன்னா, ஒன்கூட பேச்சே கெடையாது. அவரு நம்ம வீட்டுக்கு வரணும், அன்னைக்கு இருந்தவுக பூராப் பேரும் இருக்கணும், நான் பேசுனது தப்புன்னு அவரு வாயால சொல்லணும். சொல்லிட்டாருன்னா நீ லீவு போட்டு வா, ஊசி போடு, நான் தடுக்கல. சம்பந்தம் பேச வந்தா மட்டும் வாசலோட அனுப்பிருவேன்.

கோமதித் தாயி ஒனக்குத் தொணையிருப்பா, நீ பேரெடுத்துத்தான் திரும்பி வருவ. அவரு லெட்டருக்கு முந்தி இது வந்து சேரணும்னு எக்ஸ்பிரஸ் தபால்ல போடுதேன். மறந்திராத மக்கா, அவரு வந்து நிக்குத வரைக்கும் அந்தக் குளத்துல ஒரு முட்டை விழக்கூடாது.

இப்படிக்கு
ஒன் அம்மா
பார்வதி