எங்கள் தெரு தப்பாக இருக்கிறதாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் வலது கணுக்காலைத் தவிர. அதுவும் இப்போது வீக்கம் வற்றி, செருப்புக்குள் நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது. நீ அங்கே நல்லபடியாக இருக்கிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைவதைக் கொஞ்சமாவது குறைத்தாயா என்று எழுது. உன் கதைப்புத்தகம் வந்ததிலிருந்து நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போனிலும் ம், சரி, அப்பாவிடம் கொடுக்கிறேன் என்று முடித்துவிட்டேன். அம்மாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று நீ அப்பாவிடம் கேட்டாயாம், அவர் கோபமெல்லாம் இல்லை, கால்வலி என்று சமாளித்தாராம். அப்போது எனக்குக் கால்வலியே கிடையாது. கோபம்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

புத்தகம் முழுக்க நம் தெருதான், நம் மாடி ஜன்னலிலிருந்து தெரிகிற எதிர்வரிசைக் கடைகள்தான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சலூன்காரர் துண்டை உதறுவதும் சாவிக்கடைக்காரர் உட்கார்ந்தபடி தூங்குவதும் அப்படியே அச்சு அசலாக இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருத்தி நடக்கிறாளே, அது நான்தான் என்று பால்காரர் வரைக்கும் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அவள் எல்லாப் பக்கத்திலும் இடது பக்கமாகவே நடக்கிறாள். நம் ஜன்னலில் நின்று பார்த்தால் இடது கைப் பக்கம் என்ன இருக்கிறது, பஸ் ஸ்டாப். பஸ் ஏறினால் எங்கே போவேன், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு. ஆக மழை பெய்கிற பக்கத்திலும் நான் வேலைக்குப் போகிறேன், வெயில் கொளுத்துகிற பக்கத்திலும் போகிறேன், கடைசியில் கடைக்குக் கடை விளக்குப் போட்டிருக்கும்போதும் வீட்டை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன். நீ சின்னப் பிள்ளையாகக் காலில் மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தாயே, அப்போது உன் அப்பா லாரியோடு எந்த ஊரிலோ இருந்தார், நான் லீவு கேட்டால் வேலையே போய்விடும், கீழ்வீட்டு அத்தைதான் வந்து வந்து பார்த்துக்கொண்டாள். அந்த நாட்களைத்தான் வரைந்திருக்கிறாய் என்று புரிந்தது. என் மகள் மனசில் நான் இப்படித்தானா தங்கியிருக்கிறேன், எப்போது பார்த்தாலும் விட்டுவிட்டுப் போகிறவளாக, என்று நினைத்து நினைத்து மருகிப்போனேன். அதனால்தான் போனில் உன்னோடு பேச வாய் வரவில்லை.

இதற்கிடையில் தெருவில் நடந்த கூத்தைக் கேள். நீ கடைகளை வரிசை மாற்றி வரைந்துவிட்டாய். இடது கோடியிலிருந்து மருந்துக்கடை, தையல்கடை, சலூன், ரொட்டிக்கடை, சாவிக்கடை என்பதுதானே வரிசை. உன் புத்தகத்தில் சாவிக்கடையில் ஆரம்பித்து மருந்துக்கடையில் முடிகிறது. நடுவில் இருப்பதால் சலூன் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. முதலில் ஒரு டீச்சர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தகமும் கையுமாக வந்தாள். பிள்ளைகள் மருந்துக்கடை முன்னால் நின்று, புத்தகத்தைப் பார்த்து, கடையைப் பார்த்து, தெருவே தப்பா இருக்கு டீச்சர் என்று சொல்லிவிட்டார்கள். அவளும் பிள்ளைகளைத் திருத்தவில்லை, மருந்துக்கடைக்காரரிடம் நீங்க எப்போ இடம் மாறினீங்க என்று கேட்டாள். அப்புறம் விடுமுறை நாளெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து எங்கள் தெருவைச் சரிபார்த்துவிட்டு, தப்பு தப்பு என்று தலையை ஆட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கடைக்காரர்களுக்குப் பதில் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சலூன்காரருக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. என் விஷயத்தில் மட்டும்தான் அந்தப் பொண்ணு சரியா பார்த்து வரைஞ்சிருக்கு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டார். பாதி ஷேவிங்கில் ஆளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்.

கடைசியில் அவர் தலைமையில் சலூனிலேயே கூட்டம் போட்டார்கள். என்னை உன் சார்பில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். என்ன செய்யலாம் என்று ஆளாளுக்கு யோசித்து, புத்தகம் அச்சாகி ஊர் ஊராகப் போய்விட்டது, அதை இனி மாற்ற முடியாது, கடையை மாற்றலாமே என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். படித்த மனுஷன் சொன்னதும் எல்லாருக்கும் அதுதான் நியாயம் என்று பட்டுவிட்டது. புத்தகம் தப்பு என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்களேன் என்று நான் சொன்னேன். பெற்ற மகளையே காட்டிக்கொடுக்கிறவளைப் பார்ப்பதுபோல் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அச்சுல வந்திருக்கேம்மா என்றார் சாவிக்கடைக்காரர், அதற்கு மேல் பேச்சே இல்லை என்கிற மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாமானைத் தூக்கிக்கொண்டு இடம் மாறிவிட்டார்கள்.

சாவிக்கடை எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும், அலமாரிக்குக் கதவு வைத்த மாதிரி இருக்கும். மருந்துக்கடைக்காரர் உடம்புக்கு அதில் நுழைய முடியவில்லை. அவர் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மருந்துச் சீட்டைப் படிக்க, அவர் மனைவி பக்கவாட்டில் நுழைந்து, சாவி மாட்டுகிற கொக்கியிலிருந்து மாத்திரை அட்டையைக் கழற்றிக் கொடுக்கிறாள். சாவிக்கடைக்காரருக்கோ இத்தனை பெரிய இடத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் அங்கே காய்ச்சல் என்று வந்து நிற்கிறவர்களை விரட்ட மனசில்லாமல் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார். ஓய்வெடு, வெந்நீர் குடி என்று சொல்லி அனுப்புகிறார். இரண்டொருவருக்குக் குணமாகிவிட்டதாம், இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் சாவி அறுக்கிறார். ரொட்டிக்கடை அடுப்பைப் பெயர்க்க முடியவில்லை. அதனால் தையல்காரர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியர்வை வழியத் தைக்கிறார், ரொட்டி அங்கேயே வெந்து, சலூன் வாசல் வழியாகத் தட்டுத் தட்டாகத் தையல்கடைக்குப் போய், துணி வெட்டுகிற மேஜையில் விற்பனை ஆகிறது. உன் அப்பா போன வாரம் வாங்கி வந்த ரொட்டியில் சட்டைப் பித்தான் இருந்தது. கொண்டுபோய்க் காட்டினால், இது நம்ம பித்தான் இல்லையே என்கிறார் தையல்காரர். ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் புத்தகத்தை விரித்துப் பார்த்து, இப்ப சரியா இருக்கு என்று கைதட்டினார்கள். கடைகள் எல்லாம் சரியாகிவிட்டன. நான் மட்டும் இன்னும் இடது பக்கமாகப் போய்க்கொண்டுதான் இருந்தேன். என்னை எதிர்ப்பக்கம் மாற்றி வைக்க எந்தக் கூட்டமும் போடவில்லை.

இந்த ரொட்டித் தட்டு ஒன்றைத்தான் பார்க்காமல் மிதித்து, வழுக்கி, சலூன் வாசலிலேயே விழுந்தேன். எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான். உன் அப்பா தூக்கத்தில் உதைப்பார் என்று உனக்கே தெரியும், அதனால் என்னை உன் அறைக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். அந்த அறையில் நாங்கள் எதையும் மாற்றவில்லை, தலைமாட்டில் ஜன்னல், கால்மாட்டில் கண்ணாடி வைத்த பீரோ, எல்லாம் நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. சாவிக் கொக்கியில் தைலப் புட்டியை மாட்ட முடியாதென்று மருந்துக்கடையில் அதை வைப்பதில்லை, மறுநாள் உன் அப்பா தைலம் வாங்கப் பஸ் ஏறிப் போய்விட்டார், நான் சும்மா பீரோவைப் பார்த்தபடி படுத்திருந்தேன். பார்த்தால் கண்ணாடியில் மருந்துக்கடை பழையபடி இடது கோடியில் இருக்கிறது, பக்கத்தில் தையல்கடை, கடைசியில் சாவிக்கடை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராத்திரியோடு ராத்திரியாக எல்லாரும் திரும்ப இடம் மாறிவிட்டார்கள் என்று நினைத்து ஒற்றைக் காலில் எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மாறியது மாறியபடியே இருக்கிறது. திரும்பி வந்து படுத்தால் பழையபடி இருக்கிறது. இப்படி எழுவதும் படுப்பதுமாக நொண்டிக்கொண்டிருந்தேன், எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டது என்று பயந்தே போனேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. கண்ணாடி இடது பக்கத்தை வலது பக்கமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். மாவுக்கட்டோடு திரும்பக்கூட முடியாமல் கிடந்த உனக்குத் தெரு என்றால் அந்த பீரோதான். ஓடி விளையாடிய தெருவை விட்டுவிட்டு, படுத்துக்கொண்டு பார்த்த தெருவைத்தான் நீ வரைந்திருக்கிறாய். உனக்கே இது தெரியுமோ தெரியாதோ.

இந்த நேரத்தில் உன் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் பையோடு நடந்து வந்தார். கண்ணாடியில் அவர் இடது பக்கமாக நடந்தார், புத்தகத்தில் நான் நடக்கிறேனே, அதே மாதிரி. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை விட்டு மறைந்த கொஞ்ச நேரத்தில் கீழே நம் மாடிப்படிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். மழையில் நான் வருகிறேன். வெயிலில் வருகிறேன். விளக்குப் போட்ட நேரத்திலும் வருகிறேன். யோசித்துப் பார்த்தால் காலையில் நான் கிளம்பும்போது நீ தூங்கிக்கொண்டுதான் இருப்பாய், நான் போனதை நீ ஒரு நாளும் பார்த்ததே இல்லை. நான் அழுததைப் பார்த்து உன் அப்பா வலி என்று நினைத்து, பதற்றத்தில் நல்ல காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார், நானும் தேய்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைக்காரர்களிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் மறுபடியும் ரொட்டித் தட்டோடு கிளம்பிவிடுவார்கள். நீ வரும்போது தலைவலி என்றால் சாவிக்கடைக்காரரிடம் போய் நாக்கை நீட்டாதே. அடுத்த புத்தகம் போடுவதாக இருந்தால், கடை கண்ணி இல்லாத வெறும் மைதானமாகப் பார்த்து வரை, உனக்குப் புண்ணியமாகப் போகும். போனில் முகம் கொடுக்காமல் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே கண்ணு, இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, இந்தத் தடவை அப்பாவிடம் கொடுக்காமல் நானே பேசுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நீண்ட நாள் நல்லா இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
எல்லாப் பக்கத்திலும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும்
உன் அம்மா