இவ்விலாசத்தில் இல்லை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கூரைத் தண்ணீர் ஓடும் பீலி அடைத்துச் சமையலறைச் சுவரில் ஈரம். ஆள் பிடிக்க வேண்டும். வருகிறவன் கூரையே போய்விட்டது என்பான்; நம்பக் கூடாது.

பதினொரு மணித் தபாலில் மறுபடியும் ஒன்று. மிஸ்டர் ஏ. மரியதாஸ். என் வீட்டு இலக்கம், என் தெரு, மிச்சம் என்ற இந்த ஊர், என் தபால் குறியீடு. ஜன்னல் வைத்த மண்ணிற உறை, உள்ளூராட்சிக் கவுன்சிலிலிருந்து. என் கணவர் ஆகஸ்டில் இறந்த பிறகு இது ஐந்தாவது.

இவர் இருந்தவரை கதவடியில் விழும் கடிதங்களைப் பொறுக்குவது இவர் வேலை. என்னை அண்ட விடமாட்டார். பந்தயக் கடைக் கடிதங்களை மறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். கணவர் செத்துப்போனார் என்பதற்காக அந்த எண்ணத்தை நான் கைவிட்டுவிடவில்லை.

மரியதாஸ் யாராக இருக்கலாம்:
– முன்பு இந்த வீட்டில் இருந்தவர்? இல்லை. அவர்கள் வெள்ளையர்.
– எங்கள் ஆள். கிறிஸ்தவ வேதக்காரர். பெயரே சொல்கிறது.
– விலாசம் திருடி உதவிப்பணம் எடுப்பவர். பெரும்பாலும் இதுதான்.

இவர் போனபின் கவுன்சில் வரியில் தனியாள் கழிவுக்கு எழுதிப் பெற்றிருக்கிறேன். இன்னோர் ஆண் பெயர் இந்த விலாசத்தில் நடமாடினால் கேள்வி என்னிடம்தான் வரும்.

ஆகவே முந்திய நாலையும் போல இதையும் திருப்பி அனுப்பினேன். அதற்கும் ஒரு முறை உண்டு. பலர் உறையில் இரண்டு சொல் எழுதிப் பெட்டிக்குள் போடுவார்கள். இயந்திரம் கோட்டுக் குறியை வாசித்து மறுநாளே அதே கதவுக்கு அனுப்பிவிடும். விலாசத்தின் மேல் இரண்டு நேர்கோடு. குறியின் மேல் தடித்த கறுப்பு மை. மேல் மூலையில் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்: இவ்விலாசத்தில் இல்லை. தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் நான். பேராதனையில் இரசாயனம் படித்து, யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவளுக்கு இந்த நாடு கொடுத்த வேலை. நான் திருப்பிய கடிதம் திரும்பி வராது.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. மாதா கோயில் மண்டபத்தில் உணவு வங்கி. பிலோமினா பெயர் பதிகிறார், நான் பெட்டி கொடுக்கிறேன்.

ட்ராமில் நம்மவர் இருவர், ஐம்பது வயதிருக்கும்.
"எல்லாம் பெனிபிட்காரர். எங்கட வரியில இருந்து சாப்பிடுகினம்."
"உங்கட அம்மாவுக்கு வாறது என்னவாம்?"
"அது வேற. அது உரிமை."
என் கைப்பையில் முதியோர் இலவசப் பயண அட்டை. அதுவும் உரிமைதான்.

மண்டபத்தில் சாம்பல் கோட்டுக்காரர். ஒக்டோபர் நடுவிலிருந்து வாராவாரம். அறுபது வயது. சப்பாத்து மினுக்கியிருக்கிறது. முகச்சவரம் ஒழுங்கு. அரிசி வேண்டாம் என்றார். பருப்பும் வேண்டாம்.

"டின் மீன் இருந்தா ரெண்டு தாங்கோ ரீச்சர். இழுத்துத் திறக்கிற மூடி எண்டால் நல்லம்."

பசித்தவர் மூடி பார்த்துத் தெரிவு செய்வாரா? அரிசியை வேண்டாம் என்னும் தமிழனை நான் இதுவரை கண்டதில்லை. எங்கோ நன்றாகச் சமைத்துப் போட ஆள் இருக்கிறது. என் கணவர் இறந்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் இரண்டு பார்சல் கேட்டு வாங்கியதும் இதே கோட்தான். மறக்கவில்லை.

பெட்டியை வாங்கிய பிறகும் ஒரு நிமிடம் நிற்கிறார். ஏதோ கேட்க வருவது போல. கேட்பதில்லை. நோட்டம் பார்க்கிறார் என்று பிலோமினாவிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எல்லாரும் கள்ளர்தான் ரீச்சர். பாதரும் சேர்த்தி."
"பாதரைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லையே."
"முகம் சொல்லுது."

நவம்பர் 9, ஞாயிறு

குளிர். மரித்தோர் மாதம். பூசையில் இவர் பெயரை எழுதி உறையில் போட்டேன்.

பின்னேரம் இவரது கோட்டுகளைப் பிரித்தேன். பைகளில்: இருமல் மிட்டாய், மூக்குத் துடைக்கும் தாள், ரப்பர் வளையம் ஏழு. வீட்டில் ரப்பர் வளையத்துக்கு ஒரு வேலையும் இல்லை. எதைக் கட்டினார்? உயிரோடு இருக்கும்போது கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பார்.

பீலிக்கு வந்தவன் கூரையே போய்விட்டது என்றான்.

நவம்பர் 13, வியாழன்

பிலோமினா வரவில்லை, பேரனுக்குக் காய்ச்சல். பதிவு மேசையில் நான். பிலோமினா பெயரோடு விடுகிறவர்; நான் விலாசமும் கேட்டு எழுதுவேன். எனக்கென்றே அமைந்த இடம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சாம்பல் கோட் வந்தார்.

"பேர்?"
"மரியதாஸ்."

பேனா நின்றுவிட்டது.

"விலாசம்?"

சொன்னார். இலக்கம், தெரு, குறியீடு. செபமாலை சொல்வது போலத் தடங்கலே இல்லை. என் வீடு.

"நீங்கள் அங்கயோ இருக்கிறியள்?"

"இல்லை ரீச்சர். கடிதத்துக்கு மட்டும். உங்கட அவர், பெஞ்சமின் அண்ணை விட்டவர். ஆறு வருசம். மாசத்தில ரெண்டு தரம் ட்ராம் தரிப்பில கொண்டு வந்து தருவார், ரப்பர் வளையம் போட்டு."

பின்னால் ஒரு பெண் இருமினாள். வரிசை நீளம்.

"அப்ப எங்க படுக்கிறியள்?"

"தோர்ண்டன் ஹீத்தில, கடை ஒண்டின்ர பின்னறை. எங்கட ஆக்கள்தான். படுக்க விடுவினம், விலாசம் தரமாட்டினம்."

"இவ்வளவு நாளும் ஏன் வந்து கேக்கேல்லை?"

"செத்த வீட்டில போய்க் கடிதம் கேக்கிறதே? முப்பத்தொண்டில கேப்பம் எண்டு வந்தன், நீங்கள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. பிறகு ஒக்டோபரில பெனிபிட் காசும் நிண்டிட்டுது, ஏனெண்டு தெரியாது. இஞ்ச வரவேண்டியதாப் போச்சு. வந்த இடத்தில கேப்பம் கேப்பம் எண்டு..." குரலைத் தாழ்த்தினார். "ரீச்சர் பத்திரமா வைச்சிருப்பியள்தானே. கவுன்சில் வீட்டுக்கு நாலு வருசமா லிஸ்டில நிக்கிறன். இந்த முறை கூப்பிடுவம் எண்டு சொன்னவை. அந்தக் கடிதம்தான் எனக்குப் பெரிசு."

"பாக்கிறன்" என்றேன்.

வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் பொய்யைப் பிடித்தவள். என்னுடையது ஒரே சொல்லில் முடிந்தது.

டின் மீன் நான்கு கொடுத்தேன், இழுத்துத் திறக்கும் மூடி. அடுப்பில்லாதவர் அரிசியை என்ன செய்வார் என்பது அப்போதுதான் உறைத்தது. இரசாயனப் பட்டதாரி.

நவம்பர் 14, வெள்ளி

நித்திரை இல்லை. காரணம் முழங்கால் என்று வைத்துக்கொள்வோம்.

ஐந்தில் ஒன்று உதவிப்பண விசாரணையாக இருந்திருக்க வேண்டும். பதில் இல்லை, நிறுத்திவிட்டார்கள். அதாவது அந்த ஆளை உணவு வங்கி வரிசைக்கு அனுப்பியதே நான். அனுப்பிவிட்டு, ஏன் வந்தாய் என்று சப்பாத்தைப் பார்த்திருக்கிறேன்.

இவர் மேல் கோபம். ஆறு வருடம் ஒரு சொல் இல்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்: யாரென்று தெரியாதவனுக்கு விலாசம் கொடுப்பதும் சாவி கொடுப்பதும் ஒன்று. அது இவருக்குத் தெரியும். ஆகவே நடக்கப் போறன் என்று சொல்லிவிட்டு ட்ராம் தரிப்புக்குப் போயிருக்கிறார்.

நாங்கள் வந்த புதிதில் எங்கள் அகதி மனுக் கடிதங்கள் எல்லாம் ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடைக்கு வந்தன. வெங்காய மூட்டைக்கு மேல் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் இருபது பேரின் கடிதம். கடைக்காரரின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. இவருக்கு மறக்கவில்லை போலிருக்கிறது.

கவுன்சிலுக்குத் தொலைபேசி. ஐம்பது நிமிடம் இசை. பிறகு ஒருவர்: சம்பந்தப்பட்டவரே பேச வேண்டும், உங்களுக்கு எதுவும் சொல்ல முடியாது. நான் அந்த இடத்தில் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

வெயில், ஆனால் சூடில்லாதது. மரியதாஸுடன் கவுன்சில் அலுவலகம். பிலோமினா மூலம் சொல்லி அனுப்பி வரச் செய்தேன். கடிதம் தபாலில் தவறிவிட்டது, போய் விசாரிப்போம் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

இளம் பெண் அதிகாரி. மரியாதையான ஆங்கிலம், நம்பாத கண்.

ஐந்து கடிதமும் திரும்பி வந்திருக்கின்றன என்றாள். ஆள் அங்கே இல்லையென்று. வீட்டுக் கோப்பு போன கிழமை மூடப்பட்டது. திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். உறையின் படம். இரண்டு நேர்கோடு, தடித்த மை, மேல் மூலையில் பெரிய எழுத்து. உணவுப் பெட்டிகளில் 'மீன்', 'சூப்' என்று ஒட்டுவதும் அதே எழுத்துத்தான். மரியதாஸ் ஒரு மாதமாக அதை வாசித்து வருபவர். அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

இது யார் எழுதியது தெரியுமா என்றாள்.

"நான்தான்" என்றேன்.

அவள் சொன்ன வழி: நடந்த தவறை நான் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மரியதாஸின் கடிதங்களை ஏற்றுக்கொள்வேன் என்றும் எழுத வேண்டும். அப்படியானால் வீட்டு வரிசையில் அவருடைய நாலு வருட இடம் தப்பும். வீட்டு நேர்முகத்துக்கு வரச்சொல்லி ஒரு கடிதம், கையொப்பம் வாங்கிக் கொடுப்பதாக, பத்து நாளுக்குள் வரும். அதுவும் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து.

பிறகு தலையைச் சரித்துக் கேட்டாள்: உங்களுடன் வசிக்கிறாரா?
இல்லை.
கடிதத்துக்கு மட்டுமா?
ஆம்.
என்ன உறவு?

நான் மற்றவர்களைப் பார்ப்பது போலவே பார்த்தாள். மிகவும் எரிச்சலாக இருந்தது.

அரைப்பக்கம் எழுதினேன். வசனம் ஒன்றும் வீணில்லை.

வெளியில் ட்ராம் தரிப்பு.
"அஞ்சையும் ரீச்சர்?"
"அஞ்சையும்."
தண்டவாளத்தைப் பார்த்தார்.
"வடிவாத்தான் எழுதியிருக்கிறியள்."

ட்ராம் வந்தது. வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

நவம்பர் 20, வியாழன்

பத்தரை மணி. ஜன்னலால் பார்த்தால் வெளிவாசலில் சாம்பல் கோட். கதவைத் திறந்தேன், சங்கிலியோடு.

"என்ன?"
"தபாலுக்கு நிக்கிறன்."
"வந்தா நான் தருவன்தானே."
"தருவியள்." அசையவில்லை. "ஆனா நானும் நிக்கிறன்."

நம்பவில்லை. அவரிடத்தில் நானும் நம்பமாட்டேன்.

"பதினொரு மணிக்குத்தான் வருவான். தேத்தண்ணி கிடையாது."
"குடிச்சிட்டுத்தான் வந்தனான்."

கடிதம் வரவில்லை. பதினொன்றே காலுக்குப் போனார். பின்னேரம் மண்டபத்துக்கும் வந்தார். பெட்டியைப் பிலோமினாவிடம் வாங்கினார்.

நவம்பர் 24, திங்கள்

வெள்ளி நின்றார். சனி நின்றார். இன்று ஆலங்கட்டி மழை, கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுத் திரை இரண்டு தரம் விலகியது.

பிலோமினா தொலைபேசியில்:
"உள்ள கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி குடுத்தா குறைஞ்சே போடுவியள் ரீச்சர்?"
"குடுத்தா, இங்கதான் இருக்கிறார் எண்டு ஆரும் கவுன்சிலுக்கு எழுதிப் போடுவினம்."
"ஆர் எழுதப் போகினம்?"
"நான் எதிர்வீட்டில இருந்தா எழுதுவன்."

மேல் அறை காலி. இவரது புத்தகங்களும் பழைய வானொலியும். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. முடியாது என்பதற்குக் காரணங்கள்: தனியாள் கழிவு. குளியலறை ஒன்று. ஊர் வாய். அந்த ஆள் கேட்கவும் இல்லை. நாலு காரணம் போதும்.

பத்து நாளில் இன்று ஏழாவது.

நவம்பர் 26, புதன்

மழை. பத்து ஐம்பதுக்கு வாசலில் ஆள். குடை இல்லை. இவரது குடையைக் கதவிடுக்கால் நீட்டினேன். வாங்கினார், விரிக்கவில்லை. ஈரத்தோடு தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குடையை ட்ராம் தரிப்பில் ஆறு வருடம் கண்டிருப்பார்.

பதினொன்று ஐந்து. புதுத் தபால்காரன், அவசரக்காரன். கையில் மண்ணிற உறை. வாசலில் நின்றவரிடம் ஆங்கிலத்தில் கேட்டான்: மரியதாஸா? இந்த வீடுதானா?

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எதிர்வீட்டுத் திரை விலகியிருந்தது.

சங்கிலியை எடுத்துவிட்டு வெளியே வந்தேன். செருப்பு நனைந்தது.

"ஆம்" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "இந்த வீடுதான்."

கையொப்பம் வைத்தார். உறை அவர் கையில். உடனே கிழிக்கவில்லை. பின்பக்கம் திருப்பி, ஒட்டிய விளிம்பை நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தும் பார்த்தார். தபால்காரன் கையிலிருந்து நேரே தன் கைக்கு வந்த கடிதம், நான் தொடவே இல்லை.

பிறகு கிழித்தார். நேர்முகம் டிசம்பர் 9, செவ்வாய், காலை ஒன்பதே முக்கால்.