நாலரை மணி சயின்ஸ் அலாரம்

மன்னார்புரம்,
புதன்கிழமை.

அன்பு மகள் ஜென்சிக்கு,

இயேசுவுக்கே புகழ். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு உன் செய்தி வந்தது. அதுவரைக்கும் நான் நலம், அதற்குப் பிறகும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன், டூட்டிக்குப் போகிறேன். நீயும் போபாலில் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுவாய், நான் ம் ம் என்று சொல்லிக்கொண்டு சுவரைப் பார்ப்பேன், அம்மா போன இந்த மூன்று மாதமாக நாம் பேசுவது அப்படித்தானே இருக்கிறது.

நீ அந்தச் செய்தியை எனக்கு அனுப்பவில்லை, அம்மா நம்பருக்கு அனுப்பியிருந்தாய். பிசிக்ஸ் இன்டர்னலில் ஃபெயில் ஆகிவிட்டது அம்மா, கணக்கு, பிசிக்ஸ் இரண்டையும் சேர்த்து பி.எட். வரைக்கும் நாலு வருஷம் இழுக்க என்னால் முடியாது, பிசிக்ஸை விட்டுவிட்டு, வருகிற திங்கட்கிழமை விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, திருச்சிக்கே வந்து ஏதாவது ஒரு காலேஜில் வெறும் கணக்கு மட்டும் படிக்கிறேன், அப்பா தனியாக இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். தினமும் நீ அந்த நம்பருக்கு எழுதுவது எனக்குத் தெரியும். மெஸ்ஸில் என்ன போட்டார்கள், யார் ஊருக்குப் போனார்கள், எல்லாம் படித்திருக்கிறேன். அம்மா போன் ஜெப மாடத்தில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, சார்ஜ் குறைய நான் விடுவதில்லை. நீ அனுப்பியது படிக்கப்பட்டதாக உன் பக்கம் நீலத்தில் காட்டியிருக்குமே, யார் படிக்கிறார்கள் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேற்று அதோடு நிற்கவில்லை. கையில் எடுத்து வேண்டாம் பாப்பா என்று டைப் செய்தேன், அழித்தேன், மறுபடி செய்தேன். அம்மா மாதிரி எழுத வேண்டும் என்று கண்ணு என்றுகூடப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் உன் போனில் அம்மா டைப் செய்துகொண்டிருப்பதாகத்தான் காட்டியிருக்கும். பெயருக்குப் பக்கத்தில் அவள் சிரிக்கிற போட்டோ வேறு. அனுப்பாமல் வைத்துவிட்டேன். உடனே என் போனுக்கு நீ அடித்து, சும்மாதான் கூப்பிட்டேன்ப்பா, சாப்பிட்டீங்களா என்று கேட்டபோது உன் குரல் நடுங்கியது. அது நான்தான் ஜென்சி. வேறு யாரும் இல்லை. அவள் பெயரில் உனக்கு ஒரு பதில் வரக்கூடாது என்றுதான் என் கையெழுத்தில் இதை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்தேன். அம்மாவின் பொருளெல்லாம் ஸ்கூலில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஹெச்.எம். பானுமதி டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டிபன் பாக்ஸ், மரக் காம்பஸ், நீலப் பூப்போட்ட குடை, அவ்வளவுதான். டீச்சர் என்னை உட்காரவைத்து, உங்க வீட்டம்மா படிச்சது கணக்கு மட்டும்தாங்க, சயின்ஸுக்கு ஆள் வரலைன்னு அதையும் நாங்கதான் அவங்க தலையில கட்டுனோம், ஒரு நாள் முகம் சுளிக்கல, இப்ப ரெண்டுக்கும் சேர்த்து டிரில் மாஸ்டர் வகுப்புல உக்காந்திருக்கார், பாவம் அவருக்கு விசில்தான் ஊதத் தெரியும் என்றார்கள். சொல்லிவிட்டு அவர்களே சிரித்து அவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை, குடையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும்போது ஒன்றாம் நம்பர் பஸ். ஸ்கூல் விட்ட நேரம், அந்த யூனிபார்மில் நாலைந்து பெண் பிள்ளைகள் எனக்கு முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறினதும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கப்பென்று அடங்கிவிட்டார்கள். பாலத்து இணைப்புகள் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வருமே, ஒவ்வொரு டக்குக்கும் எல்லாரும் சேர்ந்து முணுமுணுவென்று எண்ணுகிறார்கள், ஜெபமாலை சொல்வதுபோல. ஒருத்தி வாட்சைப் பார்க்கிறாள். அந்தப் பாலத்தில் அம்மாவோடு எப்போது போனாலும் அவளும் விரலை மடக்கி இப்படித்தான் எண்ணிக்கொண்டு வருவாள், நான் கிண்டல் செய்வேன். பாலம் முடிந்ததும் சண்டை. நீ ஒண்ண முழுங்கிட்டடி என்கிறாள் ஒருத்தி. நான் முழுங்கல, டிரைவரண்ணன்தான் பறந்துட்டாரு என்கிறாள் இன்னொருத்தி. அப்போது ஒரு பெண் என் மடியில் இருந்த குடையைப் பார்த்து, அங்கிள், இது எங்க செல்வமேரி மிஸ் குடைதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் பெயர் நசீரா, எட்டாவது படிக்கிறாள். மிஸ் பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க அங்கிள், எண்ணி, நேரம் பார்த்து, பஸ் ஸ்பீடு கண்டுபிடிச்சிட்டோம், அது கணக்கு, பாலத்துல ஏன் இடைவெளி விட்டாங்கன்னு திங்கக்கிழமை சொல்றேன்னாங்க, அது சயின்ஸ், அந்தத் திங்கக்கிழமை வரல என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தலைவலி என்று படுத்தாள் உன் அம்மா.

பதில் எனக்குத் தெரியும் ஜென்சி. இருபது வருஷமாகப் பாய்லரில் நிற்கிறேன், சூட்டில் எது எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியாதா. இரும்பு சூட்டுல நீளும்மா என்றேன். அவள் உடனே, இது சிமென்ட் பாலம் அங்கிள், இரும்பு எங்க இருக்கு என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிமென்ட்டும் நீளும், உள்ளே கம்பியும் இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரிகிறது, ஆனால் அந்தப் பிள்ளைக்கு எதில் ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்குள் அவர்கள் ஸ்டாப் வந்துவிட்டது. பரவால்ல அங்கிள் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அம்மா போனில் காலை நாலரைக்கு ஒரு அலாரம் உண்டு, நீ தூங்கிக்கொண்டிருப்பாய், உனக்குத் தெரியாது. அதற்குப் பெயர் சயின்ஸ் என்று வைத்திருக்கிறாள். தான் படிக்காத பாடத்தை அன்றைக்கு நடத்துவதற்காக எழுந்து அடுப்படியில் உட்கார்ந்து படிப்பாள். வகுப்பில் யாராவது புத்தகத்தில் இல்லாததைக் கேட்டுவிட்டால் என்று அவளுக்குப் பயம், கேட்கவில்லையென்றால் அதற்கும் வருத்தம். என் மக ரெண்டையும் முறையா படிச்சிட்டுத்தான் வகுப்புக்குள்ள போகணும் என்று இந்தப் படிப்பை உனக்குத் தேடிப் பிடித்தது அதனால்தான். இப்போதும் அந்த அலாரம் அடிக்கிறது. நான் நிறுத்துவதில்லை. சயின்ஸ் சயின்ஸ் என்று ஸ்க்ரீனில் மின்னும், அடுப்படியில் விளக்கு எரிகிறதா என்று படுத்தபடியே பார்ப்பேன்.

எங்கள் பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்க்க இரண்டு கண்ணாடிக் குழாய் இருக்கும், நீ சின்னப் பிள்ளையில் வந்து பார்த்திருக்கிறாய். ஒன்று அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி எறியமாட்டோம், ஆவியை விட்டு ஊதிச் சுத்தம் செய்து மறுபடி மட்டம் பார்ப்போம். உனக்கு பிசிக்ஸ் வராமல் போகவில்லை பாப்பா, அம்மா போனதில் ஒரு மாதம் நீ வகுப்பிலேயே இல்லை, அந்த அடைப்புதான். மறுபடி பரீட்சை எழுது. இன்னொரு தடவை ஃபெயில் ஆனால் அதையும் பார்த்துக்கொள்வோம். என்னைக் காரணமாகச் சொல்லிப் படிப்பை விடாதே. புதூர் அத்தை வாராவாரம் வந்து, நாப்பத்திரெண்டு வயசுக்காரன் இப்படி மரக்கட்டையா உக்காந்திருந்தா எப்படிடா, புள்ளையையாச்சும் கூப்பிட்டு வச்சுக்க என்கிறாள். நீ வந்தால் வீட்டில் விளக்கு எரியும்தான், எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் பிசிக்ஸை விட்டுவிட்டு வந்த உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அலாரம்தான் என் காதில் கேட்கும். கிறிஸ்மஸுக்கு வா, பத்து நாள் இரு, நசீராவுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போ. அந்தப் பிள்ளைகள் காத்திருப்பார்கள், நான் விசாரித்து வைக்கிறேன்.

இதை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன், சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும் என்றார்கள். திங்கட்கிழமை எதிலும் கையெழுத்துப் போடாதே. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் போட்டுக்கொள், ராத்திரி தயிர் வேண்டாம். மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. அந்த நாலரை மணி அலாரத்தை இனி உன் போனில் வைத்துக்கொள்.

அன்பு அப்பா,
பாக்கியநாதன்.

பி.கு.: எனக்கு எழுத வேண்டியதை இனி என் நம்பருக்கே எழுது, அது எந்நேரமும் ஆனில் இருக்கும். அம்மா போனை இப்போதுதான் ஆஃப் செய்தேன்.