முந்திக்கொண்டு வரும் குரல்

பூன் லே, சிங்கப்பூர்
14-10-1979, ஞாயிறு

அன்பு மகள் ரூபிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் சுகம் என்று நீ பதில் எழுதினால் அப்படியே நம்புகிற நிலையில் இந்த முறை நான் இல்லை, அதனால் கேட்பதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல், சுகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மியூனிக்கில் குளிர் ஆரம்பித்திருக்கும், கழுத்தில் கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஷிப்யார்டில் இப்போது காலை ஷிப்ட் மட்டும் கொடுத்திருக்கிறார்கள், தைலம் தேய்க்கிறேன் என்றால் காலை இழுத்துக்கொள்கிறார். புது வீட்டில் எல்லாம் வசதிதான், வாசலில் தொட்டியில் வைத்த கறிவேப்பிலையை மட்டும் யாரோ கிள்ளிக்கொண்டு போகிறார்கள். பக்கத்து வீட்டு லீலா மேல்தான் எனக்குச் சந்தேகம், அவள் வீட்டில் ரசம் மணக்கிற நாளில் என் செடி மொட்டையாக நிற்கிறது. அவளைப் பற்றிப் பின்னால் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

உன் கடைசிக் கடிதத்தில், பாட்டுக் கம்பெனிக்காரர்கள் இன்னும் ஐந்து வருஷத்துக்கு உன்னை எழுதி வாங்கப் போகிறார்கள், மாதக் கடைசியில் கையெழுத்து, பழைய ஏற்பாடுதான் அம்மா, ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். இதைப் படித்து முடிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. பழைய ஏற்பாடு என்றால் எனக்குத் தெரிந்தது பைபிளில் இருப்பதுதான், உன் ஏற்பாடு என்ன என்று ஒரு தடவையாவது விளக்கமாக எழுதினாயா? ஹாங்காங்கில் ஹோட்டலில் பாடியபோது தவறாமல் போட்டோ அனுப்பினாய், பாங்காக்கில் இருந்தபோது மினுங்குகிற கவுன் போட்டு யானைக்குப் பக்கத்தில் நின்று எடுத்ததை அனுப்பினாய். ஜெர்மனிக்குப் போன பிறகு போட்டோ இல்லை, ரெக்கார்டு இல்லை, கேட்டால் பின்பாட்டுத்தானே அம்மா, கூட்டத்தோடு சேர்ந்து ஆ ஆ என்று இழுக்கிறேன், அதை என்னத்துக்கு அனுப்புவது என்கிறாய். என் மனசு சும்மா இருக்குமா? மகள் அங்கே பாடவே இல்லை, எங்கேயோ தட்டுக் கழுவுகிறாள், இல்லையென்றால் அதைவிட மோசமான இடத்தில் இருக்கிறாள் என்றெல்லாம் நினைத்தேன். பெற்றவள் நினைக்கக்கூடாததையும் நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். கோயிலில் யாராவது ரூபி எப்படி இருக்கிறாள் என்று கேட்டால்கூட எதையோ தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

போன மாதம் லீலா ஒரு ரெக்கார்டு வாங்கினாள். டெல்ஃபின் என்று ஒருத்தியின் டிஸ்கோ பாட்டு. ஊரெல்லாம் அதுதான், தேக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர் அதற்குத் தலையாட்டிக்கொண்டே வெட்டுகிறார், டாக்சியில் ஏறினால் அது, கல்யாண ரிசெப்ஷனுக்குப் போனால் மாப்பிள்ளையின் சித்தப்பா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அதற்கு ஆடுகிறார். எனக்கு எல்லாம் இரைச்சல்தான். அன்றைக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தேன், லீலா வீட்டில் அந்தப் பாட்டு ஓடுகிறது, ஐந்தாறு பெண்கள் சேர்ந்து ஓர் அடியைப் பாடுகிறார்கள், அவர்கள் முடிப்பதற்குள் முன்னால் பாடுகிறவள் அடுத்த அடிக்குள் புகுந்துவிடுகிறாள். என் கை நின்றுவிட்டது. மறுபடி அவர்கள் பாட, மறுபடி அவள் முந்திக்கொண்டு வருகிறாள். மீனைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு ஈரக் கையோடு லீலா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

உனக்கு நினைவிருக்கும், அப்பாவுக்கு அந்தி ஷிப்ட் இருந்த காலத்தில் ஜெபமாலை சொல்லி, மாதா பிரார்த்தனையும் முடிப்பதற்குள் கம்பெனி லாரி கீழே வந்து ஹாரன் அடித்துவிடும். நம் வீட்டில் முன்னால் சொல்வது எப்போதும் நீதான். நீ மாதாவின் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நானும் அப்பாவும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பதில் சொல்லி முடிக்குமுன்பே நீ அடுத்த நட்சத்திரமே, அடுத்த ரோசாவே என்று தொடங்கிவிடுவாய். அந்த வேகம் உன் நாக்கில் ஊறிப்போய் கோயில் பாட்டுக் குழுவிலும் அப்படியே வந்தாய், இயேசுதாசன் மாஸ்டர் "மத்தவங்க முடிக்கட்டும் ரூபி, ஆண்டவர் எங்கயும் ஓடிப் போயிட மாட்டார் லா" என்று எத்தனை முறை திட்டியிருக்கிறார். ஆர்ச்சர்ட் ரோடு ஹோட்டலில் பாண்டுக்காரர்களும் இதையே சொல்கிறார்கள் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். இங்கிலீஷில் பாடினால் என்ன, டிஸ்கோ பாடினால் என்ன, நம் வீட்டு மாதா பிரார்த்தனையின் அவசரம் உலகத்தில் வேறு யாருக்கு வரும்? பின்பாட்டு இல்லையடி, முன்னால் பாடுகிறவளே நீதான்.

உடனே சந்தோஷப்பட்டேனா என்றால் இல்லை. லீலா அட்டையைக் காட்டினாள், அதில் வெள்ளி நிற உடுப்புப் போட்டு, தலைமுடியைக் குடை மாதிரி விரித்துக்கொண்டு வேறு ஒருத்தி நிற்கிறாள். இது என் மகள் குரல் என்றதும் லீலா என்னை ஒரு மாதிரி பார்த்து, "வெயில்ல அலைஞ்சிட்டு வந்தீங்களா அக்கா, உட்காருங்க" என்றாள். மறுநாளே பஸ் மாறி மாறிச் சிராங்கூன் ரோட்டுக்குப் போய் இப்ராஹீம் பாய் கடையில் அதே ரெக்கார்டை வாங்கினேன். பாயைக் கண்ணாடி போடச் சொல்லி, அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் ஒன்று விடாமல் வாசிக்கச் சொன்னேன். மேளம் அடித்தவன் பெயர் இருக்கிறது, போட்டோ எடுத்தவன் பெயர் இருக்கிறது. "முடி அலங்காரம் பண்ணவன் பேரு கூடப் போட்டிருக்கான் அக்கா, நீங்க சொல்ற பேரு மட்டும் இல்ல லா" என்றார். அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்காத குறையாக, "பெத்தவங்களுக்கு அப்படித்தான் கேக்கும்" என்று ரெக்கார்டைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அந்த டெல்ஃபின் டிவியிலும் வந்தாள். நான் கிட்டே போய் உட்கார்ந்து அவள் கழுத்தை மட்டும் பார்த்தேன். நீ மூச்சு வாங்குகிற இடத்தில் அவள் பல்லைக் காட்டுகிறாள், நீ உச்சத்துக்குப் போகிற இடத்தில் அவள் இடுப்பை ஆட்டுகிறாள், தொண்டையில் ஒரு நரம்பாவது புடைக்க வேண்டுமே, இல்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளையும் யாரோ கொண்டுவந்து நிறுத்தித்தானே வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் மகளின் நிறம் அவனுக்குப் பிடிக்கவில்லையா, மூக்குப் பிடிக்கவில்லையா, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மிரட்டுகிறானா என்று என் புத்தி போகாத இடமெல்லாம் போனது. அந்த ஆத்திரத்தில்தான் வியாழக்கிழமை லீலா வீட்டிலிருந்து உனக்கு ட்ரங்க் கால் போட்டு, டெல்ஃபின் யாரடி என்று கேட்டேன். நீ, "யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா, பேரும் படமும் வேணாம்னு நான்தான் கேட்டேன், அப்பாவுக்கும் சங்கடம் இல்ல பாருங்க" என்றாய். லைன் போய்விட்டது. லைன் தானாகப் போனதா, நீயே வைத்துவிட்டாயா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு யாரைச் சந்தேகப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஹோட்டலில் நீ பாடத் தொடங்கிய புதிதில் வாசலில் உன் படத்தைப் போட்டு, ரூபி அற்புதராஜ் என்று பெரிதாக விளம்பரம் ஒட்டினார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது யாரோ அதைச் சொல்லி ஒரு சிரிப்புச் சிரிக்க, அப்பா கோயில் உடுப்போடு நேராக அங்கே போய் அதைக் கிழித்துக்கொண்டு வந்தார். "பாடு, வேணாங்கல. ஆனா என் பேரும் உன் மூஞ்சியும் செவுத்துல இருக்கக் கூடாது" என்றார். அவர் கோபம் அன்றோடு தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். நீ அந்தச் சொல்லை விடவில்லை. ஹாங்காங்கிலும் பாங்காக்கிலும் வெறும் ரூபி, ஜெர்மனியில் அதுவும் இல்லை. பெயரே வேண்டாம் என்கிற பாட்டுக்காரி கையில் கிடைத்தால் எந்தக் கம்பெனிக்காரன் விடுவான், அவனுக்கு வேலை மிச்சம். அப்பன் சொல்லைக் கேட்கிற பிள்ளையா நீ? எண்ணெய் தேய்த்துக் குளி என்றால் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? கேட்கக்கூடாத ஒரே ஒரு சொல்லைப் போய் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாயே கண்ணு.

நேற்றுவரை அப்பாவிடம் இது எதையும் நான் சொல்லவில்லை, உன் பேச்சை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்விடுவார். நேற்று சாயங்காலம் லீலாவிடம் ரெக்கார்டு பெட்டியை இரவல் வாங்கிவந்தேன். இனிமேல் கறிவேப்பிலையைக் கேட்காமலே பறித்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன், அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் என் சந்தேகம் தப்பில்லை. அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது போட்டுவிட்டேன். என்ன இரைச்சல் என்றார், பேப்பரை இறக்கவில்லை. பெண்கள் பாடினார்கள், நீ முந்திக்கொண்டு வந்தாய். மறுபடியும் வந்தாய். அடுத்த தடவை நீ ஓர் அடியைப் பாடி நிறுத்தியதும், பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார். தெரிந்து சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. பேப்பரை இறக்கி மடியில் வைத்தார். பாட்டு முடிந்து முள் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருக்கிறது, நானும் எழுந்துபோய் எடுக்கவில்லை. "இன்னும் முந்திக்கிட்டுத்தான் வர்றா" என்றார். பிறகு அட்டையை வாங்கிப் பார்த்து இது யார் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், போனில் நீ சொன்னதையும் சொன்னேன். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

இன்று பூசை முடிந்து வந்ததும் வீட்டில் இருக்கிற நல்ல பேனாவைக் கேட்டார். லாட்டரி நம்பர் எழுதத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தர மாட்டேன் என்றேன். பிடுங்கிக்கொண்டு போய் மேசையில் உட்கார்ந்து, இங்கிலீஷ் பெரிய எழுத்தில் உன் பெயரை எழுதினார். எழுத்து கோணிவிட்டது என்று கிழித்துப் போட்டு மறுபடி எழுதினார். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் நம் பெயரைத் தப்பும் தவறுமாக அச்சடித்துவிடுவானாம், இதைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் போடச் சொல்ல வேண்டுமாம். போட்டால் கையெழுத்துப் போடு. மாட்டேன் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, உன்னை இங்கே யாரும் ஒளிந்துகொண்டு பாடச் சொல்ல மாட்டார்கள். எதைச் செய்தாலும் போனில் சொல், நீ எழுதினால் நான் நம்பப்போவதில்லை, குரலைக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடு, சாயங்கால ஜெபத்தை விடாதே, கம்பளியை மறக்காதே. இங்கிருந்தபடியே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். மாதா உன் தொண்டையையும் உன்னையும் காப்பாற்றட்டும். அப்பாவும் இரண்டு வரி எழுத வேண்டும் என்று பக்கத்தில் நிற்கிறார், இடம் விடுகிறேன்.

உன் அம்மா
பிலோமினம்மாள்

ரூபிக்கு. பெயரை முழுதாகப் போடச் சொல். என் பெயரை விட்டுவிடாதே.
அப்பா, அற்புதராஜ்