இரண்டாம் பிரதிவாதி

ஜூன் 3, 2025
விருதுநகரில் வேலை பார்க்கும் தங்கை சொர்ணலட்சுமி வந்திருந்தாள். இருவரும் தாயில்பட்டி போனோம். அப்பாவின் பட்டாசு ஆலை. சாகுமுன் அதை எங்கள் இருவருக்குமாக டிரஸ்ட் எழுதி, தாய்மாமா சோலைச்சாமியை டிரஸ்டி ஆக்கினார். மாமா அதை அறை அறையாக நாலு பேருக்கு உள்குத்தகை விட்டிருக்கிறார். சட்டப்படி கூடாது. இடம் போதாமல் பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மருந்து அடைக்கிறார்கள்.

"வெடிச்சா யாரு பதில் சொல்றதுக்கா?" என்றாள். பதில் தெரியும்.

ஜூன் 5
மாமாவிடம் கேட்டேன். "சீசன் நேரம், ஆர்டர் கெடக்கு. ஒனக்கு எதுக்கும்மா அந்தக் கவல? மோர் எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். மானங்கெட்டவள்.

அவர் எனக்கு மாமனாரும்கூட. மாமன் மகனைக் கட்டினால் சொத்து வெளியே போகாது என்று எல்லோருக்கும் சந்தோஷம். வெளியே போக முடியாமல் கிடப்பது நான்தான்.

ஜூன் 16
வக்கீல் லட்சுமிகாந்தம் பொறுமையாகச் சொன்னார். கணக்குக் கேட்டு நோட்டீஸ் விடலாம். பதில் இல்லையென்றால் டிரஸ்டியை நீக்க வழக்கு. அதுவரை உள்குத்தகைக்குத் தடை கேட்கலாம். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் வாதியா வந்தீகன்னா நல்லது."

வக்காலத்தை நீட்டினார். சொர்ணம் போட்டுவிட்டாள். எனக்குக் கை போகவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் கேட்பேன்? யார் மேல் வழக்கோ, அவரிடமா?

ஜூன் 17
கணவரிடம் சொன்னேன். "எங்கய்யா மேல கேசு போட்டுட்டு இந்த வீட்டுல எப்படி இருப்ப?" கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஜூலை 14
சொர்ணம் அனுப்பிய நோட்டீஸுக்கு மாமா பதில் போடவில்லை.

ஜூலை 21
மரத்தடியில் தீ. பெரிசா ஒன்றுமில்லை என்கிறார் மாமா. அங்கே மருந்து அடைக்கும் வேலுத்தாய்க்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. ஒன்றுமில்லையாம்!

ஆகஸ்ட் 12
சம்மன். சொர்ணம் வாதி. மாமா முதல் பிரதிவாதி. இரண்டாவது — நான். என் தங்கை என் மேலேயே கேசு போட்டிருக்கிறாள். போனில் கத்தினேன்.

"கையெழுத்துப் போடாதவுகளப் பிரதிவாதியாத்தான் சேக்கணுமாம்க்கா. நீ அந்த வீட்ல இருக்கணும்ல? இருந்துக்கோ."

ராத்திரி அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். "நீ நம்ம பக்கந்தான் தாயி." இவ்வளவு பிரியமாக அவர் பேசியதே இல்லை.

செப்டம்பர் 9
ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட். எதிரே சொர்ணம் தனியாக நின்றாள். மாமாவின் வக்கீல் அவருக்கும் எனக்கும் சேர்த்து ஒரே பதில் மனு அடித்து வைத்திருந்தார். உள்குத்தகை கிடையாது, தீ விபத்தே நடக்கவில்லை என்று அதில் இருந்தது. கீழே என் பெயர்.

"இங்கன ஒரு கையெழுத்துப் போடும்மா," என்றார் மாமா.

வேலுத்தாயின் கைக்கட்டை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவள் நான். "நான் தனியா மனு போட்டுக்கிறேன் மாமா. தங்கச்சி சொல்றது நெசம்னு."

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. கணவரையும் அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார். கார் கிளம்பிவிட்டது.

சொர்ணத்தின் அறையில் இருக்கிறேன். மாற்றுச் சேலைகூட இல்லை. டைரி அந்த வீட்டில், தலையணைக்கடியில் கிடக்கிறது. இதை, நான் கையெழுத்துப் போடாத மனுவின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

இந்நேரம் அத்தை டைரியை எடுத்திருப்பார். படிக்கட்டும்.