பெரட்டில் வாசிக்காத பெயர்

அக்கா, உங்கள் பெயரை அவர்கள் தின்றுவிட்டார்கள்.

போன வாரம் லாபு சாலையில் ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் என் மோட்டார் சைக்கிள் மாட்டிக்கொண்டது. மழை விட்டிருந்தது. லாரியின் அடியிலிருந்து வெள்ளைத் தண்ணீர் சாலை நெடுக ஒழுகிக்கொண்டே போனது. அந்த நாற்றத்துக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நீங்கள் மட்டும், "எங்க வீட்டு சாம்பிராணிலா இது" என்பீர்கள். முந்திப் போக இடமிருந்தும் நான் முந்தவில்லை. நீங்கள் பிறந்த தோட்டத்துக்குத் திரும்பும் முனைவரை அந்த நாற்றத்தின் பின்னாலேயே போனேன்.

அங்கே எனக்கு வேலை இருந்தது. நீங்கள் வார இதழுக்கு எழுதிய பேய்க்கதைகளைப் புத்தகமாகப் போடப் போகிறார் நம் பதிப்பாளர். பக்கம் போதவில்லையாம். இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, நீங்கள் எழுதிய அதே 'இருள்நேசன்' பெயரில் நான் இன்னும் சில கதைகள் எழுதித் தரவேண்டும். எனக்கு அந்த வேலை தேவை. எவ்வளவு தேவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் இருவருக்கும் ஒரே தொழில். யார் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பது. திருமண வாழ்த்து, கோவில் மலர், வானொலி நாடகம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி உரை, செத்தவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி. சமையல் குறிப்பில் நீங்கள் ஒரு மாமி, ராசிபலனில் ஒரு சுவாமி, பேய்க்கதையில் இருள்நேசன். ரஹாங்கில் உங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடைதான் நமக்கு அலுவலகம். எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பொய்யை எழுதிக்கொண்டிருப்போம். உங்கள் ராசிக்கு மட்டும் வாராவாரம் யோகம் அடிப்பதைக் கண்டுபிடித்துக் கேட்டேன்.

"எனக்கு நானே நல்லது எழுதிக்கலன்னா வேற யாருலா எழுதுவா?"

"அப்ப என் ராசிக்கு?"

"ஒனக்கு இந்த வாரம் வாயடக்கம் வேணும்."

ஒருமுறை கோவில் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட இருவருக்கும் நீங்களே உரை எழுதினீர்கள். ஒருவர் மற்றவரைக் கிழிக்க, மற்றவர் எழுந்து அதே தமிழில் பதிலுக்குக் கிழித்தார். கூட்டம் இரண்டு பேருக்கும் கை தட்டியது. நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினீர்கள். "யாரு ஜெயிச்சாலும் நான்தான் தலைவர்" என்றீர்கள். ஜெயித்தவர் அடுத்த மாதம் உங்களை அடையாளம் தெரியாதவர்போலக் கடந்து போனார். அதற்கும் சிரித்தீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாக் கதைகளையும்விட உங்கள் பெரட்டுப் பேய்க்கதைதான் நிலைத்தது. விடியுமுன் தோட்டத்து ஆட்களைத் திடலில் நிறுத்திக் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் வாசிக்கும் பெரட்டு. எல்லாப் பெயரும் வாசித்து முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வாளியோடு ஒரு பெண் தனியே நிற்பாள். வெள்ளைச் சேலை. "ஐயா, எம் பேரு வாசிக்கலீங்களே" என்பாள். கிராணி திரும்பிப் பார்த்தால் திடலில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அது வெளிவந்ததும் கடிதங்கள் குவிந்தன. பகாவிலிருந்து ஒருவர், தன் பாட்டன் அந்தப் பெண்ணை நேரில் பார்த்ததாக எழுதியிருந்தார். சிரித்துக்கொண்டே படித்தவர் பாதியில் நிறுத்தினீர்கள். "நான் புளுகுனது இவங்க பாட்டனுக்கு எப்படிலா தெரிஞ்சிச்சு?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியில் விளையாட்டு இல்லை. தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னீர்கள், முழுக்கப் புளுகு இல்லை என்று.

உங்கள் அம்மா காண்டிராக்டரிடம் கூலிக்கு ரப்பர் பால் வெட்டியவர். மரம் தோட்டத்துடையது, வெட்டுகிறவர் தோட்டத்து ஆள் இல்லை. அதனால் எந்த நாளும் பெரட்டில் அவர் பெயர் இல்லை. தோட்டம் கைமாறியபோது, வெளியேற வேண்டிய ஆட்களில் வீடு கிடைக்கப்போகிறவர்களின் பெயர்களை அதே திடலில் வைத்து வாசித்தார்கள். நீங்கள் அப்போது பள்ளிச் சீருடையில் அம்மா பக்கத்தில் நின்றிருந்தீர்கள்.

"எல்லாரும் போயிட்டாங்க. அம்மா மட்டும் நிக்குது. ஐயா, எம் பேரு வாசிக்கலீங்களேன்னு கேக்குது. அந்தாளு காகிதத்த மடிச்சிக்கிட்டுக் காருல ஏறிட்டாரு. நான் கையப் புடிச்சி இழுக்குறேன், நகர மாட்டேங்குது."

"அப்ப அத அப்படியே எழுத வேண்டியதுதானேக்கா?"

"மொதல்ல அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். ஒரே அழுகையா இருக்கு, எவன் படிப்பான்னு நம்ம பதிப்பாளரு திருப்பிக் குடுத்துட்டாரு. வீட்டுக்குப் போயி அம்மாவச் சாகடிச்சு வெள்ளச் சேல கட்டி வுட்டேன். அடுத்த வாரமே போட்டாரு. அம்மாவா இருந்தா வேணாம், பேயா இருந்தா வேணும்."

அம்மா அப்போது உயிரோடு இருந்தார். எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் கதையை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கேட்டு முடித்துவிட்டு அம்மா சொன்னாராம்: "பாவம் அந்தப் பொம்பள. எவனாச்சும் பேர வாசிச்சிருக்கலாம்." இதைச் சொல்லும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

நீங்கள் விழுந்தது அந்தக் கடை மேசையில்தான்; பிறகு எழவில்லை. வானொலி நாடகத்தின் கடைசிக் காட்சி பாதியில் நின்றது. உங்கள் தம்பி நாளிதழுக்குப் போன் செய்து, நல்லதாக ஒரு அஞ்சலி போடச் சொன்னார். அங்கே இருந்தவர் கணினியில் கிடந்த பழைய வரிகளை எடுத்துப் போட்டுவிட்டார்.

'வாசலில் உன் செருப்பு வழிபார்த்துக் கிடக்குதே, வருவாயா தந்தையே.'

படத்தில் நீங்கள். கீழே தந்தையே. அந்த வரி நீங்கள் எழுதியது. செத்துப்போன லாரி ஓட்டுநர் ஒருவருக்காக அதை எழுதியபோது நான் எதிரே இருந்தேன். 'செருப்பா, காலணியா' என்று என்னைக் கேட்டீர்கள். நாளிதழுக்குப் போன் செய்து கத்தினேன்.

"தம்பி, யாருலா அதெல்லாம் உன்னிப்பா பாக்கப் போறா? ஆளு போயிட்டாங்க, விடு" என்றார் எடுத்தவர்.

அவர் சொன்னது சரிதான். யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் பிறந்தநாள் வாழ்த்திலிருந்து பதினாறாம் நாள் அஞ்சலிவரை உங்கள் வாயால்தான் எல்லோரும் பேசினார்கள். உங்களுக்கு என்று ஒரு சொல் சொல்ல யாருக்கும் வாய் இல்லை. தங்கள் பேச்சை எழுதியவரைத் தெரியாததுபோல் நடப்பதற்கு இங்கே கௌரவம் என்று பெயர்.

தோட்டத்தில் இப்போது ரப்பர் போய் எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பெரட்டுத் திடலில் புல் முழங்கால்வரை நிற்கிறது. இரண்டு இளைஞர்கள் கைப்பேசியை ஒரு கம்பில் கட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேய் வீடியோ.

"அண்ணே, இங்க நெசமா ஒரு பொம்பள நிக்கும். எங்க ஐயா பாத்திருக்காரு."

"அதுக்குப் பேரு என்னாடா?"

"பேய்க்கு ஏதுண்ணே பேரு?" என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான்.

அது என் அக்கா எழுதியது என்று சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்லண்ணே, இது உண்மைக் கதை" என்றான், எனக்காக வருத்தப்படுகிறவன்போல.

அங்கிருந்தபடியே பதிப்பாளருக்குப் போன் செய்தேன். முதல் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டால்தான் புதுக் கதைகளை எழுதுவேன் என்றேன்.

"இருள்நேசன்னாதான் விக்கும். அந்தப் பேரு கம்பெனியோடது தம்பி. அவங்களுக்கு முன்னாடி வேற ஒருத்தரு எழுதுனாரு, இப்ப நீ எழுதப் போற. அவங்க பேரு யாருக்குலா தெரியும்?"

"போட்டாதானே தெரியும்?"

வைத்துவிட்டார். திடலின் நடுவில் நின்று உங்கள் அம்மாவின் பெயரையும் உங்கள் பெயரையும் சத்தமாக வாசித்தேன். இளைஞர்கள் அதையும் வீடியோ எடுத்தார்கள்.

அந்த இரண்டு பெயர்களையும் இந்த மடலில் நான் எழுதவில்லை. அவற்றை அச்சிட வேண்டியவர்கள் அவர்கள். கதைகளையும் இன்னும் தொடங்கவில்லை. உட்கார்ந்து 'இருள்நேசன்' என்று தலைப்புக்குக் கீழே அடித்தால், எதிர் நாற்காலியில் யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்கிறது. கிளினிக்கில், வங்கியில், எங்கே பெயர் கூப்பிட்டாலும் எல்லோரும் எழுந்து போன பிறகு யார் மிச்சம் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இது ஒன்றுதான். விட்டுப்போகாது.

பதிப்பாளருக்குத் தினமும் காலையில், பெரட்டு நேரத்துக்கு, ஒரே வாட்ஸ்அப் செய்தியை அனுப்புகிறேன். இன்றும் அனுப்பினேன்.

'ஐயா, அவங்க பேர வாசிங்க.'

பார்த்துவிட்டார். இரண்டு குறியும் நீலமாகிவிட்டன.